எடைக்கு வந்தது

சைதாப்பேட்டை வஜீர் பாய் காயலான் கடையில்
தராசின் மேல் கிடந்தது.
ஊதா பெயிண்ட், இருபத்தாறு இஞ்ச் சக்கரம்,
கட்டைவிரலால் தள்ளும் கியர்,
சீட்டுக்குள் எலிக் குடித்தனம்.
பதினாலு கிலோ என்றார். எலி சேர்த்தா என்றேன்.

மலை ஏறி மூன்று வருஷம்.
கடைசியாக ஓட்டியது
ஒற்றைக் கையால் மாடிக்குத் தூக்கிய கார்பன் வண்டி.
ஓட்டேரிப் பக்கம் என் காறை எலும்பு முறிந்த அன்று
அதில் ஒரு கீறல்கூட இல்லை.
அந்தக் கோபத்திலேயே விற்றேன்.

இதை வாங்கியது ஓட்ட அல்ல,
துரு தேய்க்க.
நைட் ட்யூட்டி முடிந்து வந்து
செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு
பால்ரஸ்களை எண்ணி வைக்க.
ஒன்று குறைந்தது.
நாலு நாள் கழித்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் கிடைத்தது.

பிரேக் பிடிக்கிறதா பார்க்கலாமென்று
தெருமுனை வரை போனேன்.
முனையில் திரும்பவில்லை.

பாலமதி ரோடு, ஆறரை மணி.
பாறைகளில் நேற்றைய சூடு இன்னும் மிச்சம்.
மூன்றாவது வளைவில்
கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி துழாவுவதுபோல
கியரைத் துழாவினேன்.
டக்.
விழுந்தது.

தாரை விட்டு மண்பாதையில் இறங்கியதும்
ஒவ்வொரு கல்லும்
தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வழிவிட்டது.
காறை எலும்பு வருகைப் பதிவேடுபோல் கேட்டுக்கொண்டது.
வெள்ளாடு ஓட்டி வந்தவள் நின்று பார்த்தாள்:
“எண்ணெ போடும்மா, ஆடு மிரளுது.”

மேலே, வேலூர் முழுக்கத் தூசிக்குள் இருந்தது.
தண்ணீர் குடித்தேன்.
வண்டியைத் திருப்பி
சரிவில் பாதி வந்த பிறகுதான் நினைவு வந்தது,
எதைப் பார்க்கக் கிளம்பினேன் என்று.

பிடித்தது.
சுமாராக.