எழுதிக்காட்டலாம்

ஊட்டியதைச் சொல்லிக்காட்டக் கூடாது, தெரியும்.
எழுதிக்காட்டலாம். சட்டம் இடம் கொடுக்கிறது.

மைனாட் நகரத்தில் பிப்ரவரி இரவு.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.
சமையல் மேசையில் வரிப் படிவம், கால்குலேட்டர்,
காய்ந்த ஓட்ஸ் ஒட்டிப் பக்கம் பிரியாத நோட்டு.

இரண்டு வழி உண்டு, மார்வா, என்றார்
வரி பார்க்கும் ஹால்வர்சன்.
ரசீது ரசீதாகக் கூட்டலாம். இல்லை,
தலைக்கு, வேளைக்கு இவ்வளவென்று
அரசாங்கம் வைத்த விலையை எடுத்துக்கொள்ளலாம்.
ரசீதில் டீகன் குடித்த பாலும்
நான் காப்பிக்கு ஊற்றிய பாலும் ஒரே கேலன்.
அதைப் பிரிக்க அன்னப்பறவைதான் வர வேண்டும்.
இந்தக் குளிரில் அது வராது.

ஆகவே நோட்டு. பெயர், தேதி, வேளை.

டீகன்: காலை, மதியம்.
ஆடெட்: மதியம் மட்டும், காது வலி.
இரட்டையர் கேசியும் கூப்பரும்: காலை, மதியம்,
தின்பண்டம் இரண்டு, அதில் ஒன்று தரையில்.
(தரையில் விழுந்ததற்கு விலை உண்டா,
தெரியாது. கொடுத்தது கொடுத்ததுதான்.)
ஜூபல்: எல்லாம்.

அடுப்பில் ஒரே பாத்திரம், ஒரே கரண்டி, ஆறு கிண்ணம்.
ஐந்து கிண்ணம் தொழில்.
ஆறாவது என் வயிற்றில் பிறந்தது, கணக்கில் வராது.
நியாயம்தான், எனக்குக் குறையில்லை.
தன் பிள்ளைக்குப் போட்டதற்குத்
தள்ளுபடி கேட்க முடியுமா?
ஆனால் சிக்னிக்கு நான்கு வயது.
"எல்லார் பேரும் இருக்கு, என் பேர் எங்கே?"
என்று நோட்டின்மேல் படுத்து அழுதாள் ஒரு நாள்.
அன்றிலிருந்து அவளையும் எழுதினேன், பென்சிலில்.
இப்போது அந்த வரிகளை மட்டும்
தாண்டித் தாண்டி எண்ணுகிறேன்,
தூங்குகிற பிள்ளையைத் தாண்டி நடப்பது போல.

மார்ச் ஒன்பது காலி.
அன்று சாலையை மூடிவிட்டார்கள்.
செய்தி வருமுன்பே பழக்க தோஷத்தில்
கோழி நூடுல்ஸ் சூப் ஆறு பேருக்கு வைத்திருந்தேன்.
சிக்னியும் நானும் மூன்று நாள் அதையே குடித்தோம்.
வாய் வராத நாளில் உணவும் இல்லை
என்கிறது படிவம். சரி.

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில்
ஒரு காலை, ஒரு மதியம், ஓர் இரவு,
மூன்று தின்பண்டம்.
அதற்கு மேல் அரசாங்கத்துக்குப் பசிக்காது.

ஜூபலுக்குப் பசிக்கும்.
அவன் அம்மா கொரீனுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இரண்டு ஷிஃப்ட்.
மாலை ஏழு மணிக்கு, பூட்ஸ் போட்டு, தொப்பி இழுத்து,
கையுறை மாட்டிய கையை நீட்டுவான்.
பிஸ்கட்டைக் கையுறையில் வைத்தால்
கம்பளி நூலோடு தின்பான்.

நவம்பரிலிருந்து கொரீன் பணம் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.
வாசலில் நின்று அவள் ஆரம்பிப்பாள், "மார்வா, இந்த வாரம்..."
"அவன் குல்லா சோபாவுக்கு அடியில்" என்பேன் நான்.
பணம் வராத பிள்ளை தொழிலா, விருந்தாளியா?
ஹால்வர்சனிடம் அதைக் கேட்கவில்லை.
கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு மதியம்.
மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், அதேதான்.
ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு மேல்.
அத்தனையும் இந்த நான்கு பர்னரில்,
அதில் ஒன்று ஆகஸ்டிலிருந்து எரிவதில்லை.
உணவுத் திட்டத்திலிருந்து வந்ததை வரவில் ஏற்றி,
போட்டதைச் செலவில் இறக்கினால்
கையைக் கடிக்கவில்லை. கொஞ்சம் மிச்சம்கூட.

நான்காவது தின்பண்டங்களையும் எண்ணி வைத்திருக்கிறேன்.
எண்பத்து மூன்று.
அதைப் போட எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
நோட்டின் ஓரத்தில் எழுதி
ஒரு வட்டம் போட்டேன்.

மணி பத்தரை. எனக்குப் பசித்தது.
மேசை மூலையில் அரை வாழைப்பழம்,
கறுத்துப்போய், ஜூபலின் பல் தடத்தோடு.
அவன் விட்ட இடத்திலிருந்து கடித்தேன்.