எட்டாயிரத்து எண்பதாவது வாசல்

புயலில் மூன்று முறை மின்சாரம் போய் வந்ததில்
ஏயுனின் பெரிய வட்டு செத்துவிட்டது.
கிளாக்ஸ்விக் துறையில் கட்டியிருந்த
படகுகளுக்கு ஒரு கீறல் இல்லை.

டி.வி.க்குக் கீழே சின்னப் பெட்டி மட்டும்
பச்சை விளக்கோடு விழித்திருந்தது.
திரையில் அட்டைப்படங்கள் வரிசை கலையாமல் நின்றன.
எதைத் தொட்டாலும் 'கோப்பு இல்லை.'
கடை திறந்திருக்கிறது, சரக்குதான் இல்லை.

"படங்கள் போகட்டும், ட்ரொண்டுர்,
அட்டைகளை எடுத்துக் கொடு" என்றான்,
சால்மன் ஆலையின் இரவு ஷிஃப்டுக்கு
ரப்பர் பூட்ஸை மாட்டியபடியே.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
கேட்டால் சொல்கிற ஆளும் இல்லை அவன்.

பெட்டிக்கு எட்டாயிரத்து எண்பதாவதாக ஒரு வாசல் உண்டு.
உலாவியில் போய்த் தட்டினேன்.
கடவுச்சொல் என்ன என்றது.
எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தான்:
மார்யுன். எல்லாம் சின்ன எழுத்து.

முதல் முறை, நானூற்று நான்கு என்று
முகத்தில் அறைந்து சாத்தியது.
இந்தப் பெட்டியிடம் எதையும் நேராகக் கேட்கக் கூடாது.
பாதையிலுள்ள ஒவ்வொரு சாய்கோட்டுக்கும்
முக்காடு போட வேண்டும்: சதவீதக் குறி, இரண்டு, எஃப்.
அந்தச் சதவீதக் குறிக்கும் வெட்கம்;
அதற்கொரு முக்காடு: சதவீதக் குறி, இரண்டு, ஐந்து.
இத்தனையும் போர்த்திக்கொண்டு போய் நின்றால்
"ஓ, நீயா" என்கிறது.

விசித்திரம் என்னவென்றால்
செத்த கோப்பின் பெயரைச் சொல்லித்தான்
சாகாத படத்தைக் கேட்க வேண்டியிருந்தது.
எப்போதோ ஒருமுறை காட்டியதையெல்லாம்
தனக்கென்று நகலெடுத்து,
பூஜ்யம் முதல் எஃப் வரை பதினாறு அறைகளில்
யாருக்கும் புரியாத பெயரிட்டுப்
பதுக்கி வைத்திருக்கிறது கள்ளப் பெட்டி.

வர ஆரம்பித்தன.
துப்பாக்கியோடு ஒருத்தி. மழையில் முத்தம்.
விண்கலம். விண்கலம்.
ஆறு சீசன்களுக்கு ஆறு கோட்டு மாற்றிய
ஒரே டேனிஷ் துப்பறிவாளர்.
மறுபடி விண்கலம்.

நானூற்றுப் பதினொன்று முடிந்து ஒன்று மிச்சம்.
யாரும் வெளியிடாத படம், பெயர் 'படகு, ஜூலை.'
அட்டை இல்லாத படத்துக்குப்
பெட்டி தானே உள்ளே புகுந்து
ஒரு நொடியைக் கிள்ளி வைத்துக்கொள்ளும்.
சிரித்த நொடியா, கண் மூடிய நொடியா,
அதற்கென்ன கவலை.

வந்தது, முழுக்கச் சிவப்பாக.
பழுதென்று நினைத்து மறுபடி கேட்டேன்.
அதே சிவப்பு.
ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குக் கடல்.
அப்புறம்தான் புரிந்தது:
லென்ஸை மறைத்த ஒரு கட்டைவிரல்,
சதைக்குள் புகுந்து வந்த வெயில்.

காலையில் மீன் வாடையோடு வந்தான்.
விண்கலங்களைத் தள்ளித் தள்ளிப் போனவன்
அங்கே நின்றான்.
தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தான்.
பொருந்தவில்லை; வின்ச்சில் நசுங்கிய விரல் அவனுடையது.

"சுக்கான் என் கையில் இருந்தது.
கேமரா எப்போதும் அவள்தான்.
அதனால் எதிலும் அவள் இல்லை."

மார்ச்சில் மார்யுன் ஆல்போர்க்குக் கப்பலேறியது
இந்தத் தீவில் ஆட்டுக்கும் தெரியும்.
நான் கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.

"பெரிதாக்க முடியுமா?"
"முடியும். ஆனால் உடைந்துபோகும்,
வெறும் சிவப்புக் கட்டங்களாக."
"எத்தனை பெரிதாக?"

பதில் சொல்லாமல் கம்பியைச் சுருட்டினேன்.
கிளம்பும்போது, தொழில் புத்தி, சொன்னேன்:
"அந்தக் கடவுச்சொல் ரொம்பச் சுலபம், ஏயுன்.
யாரும் ஊகித்து நுழையலாம். மாற்றிவிடட்டுமா?"

ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தான்.
மற்றதைப் பிடித்தபடி
வேண்டாம் என்றான்.