சுவருக்கும் முதுகுக்கும் நடுவே

குட்டாயிசியில் விடிவதற்கு முன்பே
மண்ணடுப்பின் வாய்க்குள் இடுப்புவரை குனிந்து
படகு ரொட்டிகளை உட்சுவரில் அறைகிறேன்.
இருநூறு முறை. ஞாயிறென்றால் முந்நூறு.

வலி முழங்கையில் என்றுதான் நினைத்திருந்தேன்.
களிம்பு தடவினேன். பட்டை கட்டினேன்.
திராட்சைச் சாராயத்தில் துணி நனைத்துச் சுற்றினேன்;
மிச்சத்தை வீணாக்காமல் குடித்தான் மாடிவீட்டு கோச்சா.
உறைந்த பட்டாணிப் பொட்டலம்
இரண்டு நாள் என் கையில் கிடந்து இளகி
மூன்றாம் நாள் சூப்பானது.

மருத்துவர் சொன்னார்: ஆறு வாரம் ஓய்வு.
மாவு கேட்குமா?

நேற்று, நாயின் வாயிலிருந்து பிடுங்கிய
எச்சில் காயாத டென்னிஸ் பந்தை
அடுப்புச் சூடேறிய சுவரில் வைத்து
முதுகைச் சாய்த்தேன்.
மேலே. கொஞ்சம் இடது. இல்லை, கீழே.
தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில்
கொண்டைக்கடலை அளவு ஒரு முடிச்சு.
அழுத்தினேன்,
முழங்கை அலறியது.

திருடன் ஒரு தெருவில்
கூச்சல் இன்னொரு தெருவில்!
இத்தனை நாளும் தப்பான வீட்டையல்லவா
சோதனை போட்டிருக்கிறேன்.

நகராமல் நின்றேன், மூச்சை எண்ணி.
பன்னிரண்டில் ஏதோ நெகிழ்ந்தது,
ஈரமாவில் விரல் இறங்குவதுபோல்.

கண்ணாடிக்கு வெளியே டாக்ஸிக்கார ஒத்தாரி.
மரத்தில் முதுகு தேய்க்கும் கரடியாய்
நான் ஆடுவதைப் பார்த்தும் சிரிக்கவில்லை.
இரண்டு ரொட்டிக்குக் காசு வைத்தான்,
ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி.
"நாசிப்ரோலா,
அந்தப் பந்தைச் சாயங்காலம் வரை தருவாயா?"

மேசைக்கடியில்
நாய் எழுந்து நின்றது.