மைனஸ் பதினெட்டு

ஃப்ரீசரின் நெற்றியில் சிவப்பாக
மைனஸ் பதினெட்டு.
அடியில் வெள்ளம் பாயைத் தொட்டுவிட்டது.

"இஞ்ச வாரும், நெய்மீன் நெகிழுது" என்றாள் மெல்பா.
"நம்பர் சரியாத்தானே நிக்கிது" என்றேன்.
பதில் சொல்லாமல் ஒரு துண்டை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.
விரல் அழுந்திய இடம் குழிந்தே கிடந்தது.

ஆனி மாதம். குளச்சலில் விசைப்படகுகள்
மூக்கோடு மூக்கு முட்டிக் கட்டிக் கிடக்கின்றன.
தடை முடிய முப்பத்தொரு நாள்,
மகளின் புதுநன்மைக்குப் பத்தொன்பது.
அந்த விருந்துக்கென்று சேர்த்ததுதான்
உள்ளே இருக்கும் பதினாலு கிலோவும்.

கருங்கல்லிலிருந்து வந்த பெபின்
ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் "போர்டு போச்சு" என்றான்.
நாலாயிரத்து ஐந்நூறு.
சாயா குடித்துவிட்டுப் போனான்.

படகுக்குப் போய் மீட்டரை எடுத்துவந்தேன்.
எஞ்சின் அறையில் டீசல் குடித்துக் கறுத்த மீட்டர்,
ஒருமுறை தட்டினால்தான் விழிக்கும்.
பின்தகட்டைக் கழற்றியதும் ஒரு கரப்பான் ஓடியது.
பிறகு, மல்லி அளவு கறுப்புத் தலையும்
இரண்டு வெள்ளை வயருமாக
சென்சார்.
குளிரக் குளிர அதற்குத் தடை கூடும்,
சூட்டில் குறையும்.
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த பேச்சு.

லெவினாள் வீட்டு ஐஸை நொறுக்கி
டம்ளரில் அதை முக்கிப் பத்து நிமிடம்:
பதினாறு கிலோ ஓம்.
"கையை நீட்டு" என்றேன்.
மெல்பாவின் பொத்திய கைக்குள்
மெல்ல இறங்கி மூன்றரையில் நின்றது.
கணக்கு சரி. பொய் சொன்னது இதுவல்ல.

வயரைப் பிடித்துக்கொண்டே போர்டுவரை போனேன்.
அதே டம்ளர், அதே ஐஸ்,
அந்த முனையில் நாற்பத்தேழு.
நடுவில் ஒரு இணைப்பு.
பிளாஸ்டிக் மூடிக்குள் செம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது.
ஐந்து வருடமாக ஜன்னல் வழி வந்த உப்புக்காற்று
துளித்துளியாய்க் கட்டிய தடை.
மீன் உருக உருக
அது போர்டிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது:
போதும் குளிர், நீ தூங்கு.

நறுக்கினேன். சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து,
ரப்பர் குழாயை மாட்டி
மாதா படத்து மெழுகுதிரியில் காட்டிச் சுருக்கினேன்.
பிளக்.
நெற்றியில் எண் குதித்தது:
பிளஸ் ஆறு.
"இப்பத்தான் வாயத் தெறக்குது" என்றாள்.
கம்ப்ரசர் முனகி எழுந்தது.

உருகியதை மறுபடி உறையவைக்க அவள் விடவில்லை.
ராத்திரி பத்து மணிக்கு இரண்டு அடுப்பிலும் குழம்பு.
அக்கம்பக்கம் ஐந்து வீட்டுக்குச் சட்டி போனது.
பெபினுக்கு ஒரு தூக்குவாளி என்றாள்.
வேண்டாம் என்றேன். அனுப்பினாள்.
புதுநன்மைக்குக் கோழிதான் என்று
மகளிடம் யார் சொல்வது என்ற பேச்சு
இன்னும் முடியவில்லை.

மைனஸ் நான்கு, மைனஸ் ஐந்து என்று
எண் இறங்குகிறது.
உள்ளே
லெவினாளுக்குத் திருப்பித் தரவேண்டிய
ஐஸ் தட்டு மட்டும்.