எண்பது டாலர்

நாளை தவக்காலம்.
கோடியாக்குக்குத் தெற்கே எங்கள் தீவில் இருபத்தாறு பேர்.
யாரும் யாரையும் தவறவிட முடியாது.
இன்று மாலை தேவாலயத்தில் ஒருவர் முன் ஒருவர் நின்று,
குனிந்து, விரலால் தரையைத் தொட்டு,
"என்னை மன்னித்துவிடு" என்று சொல்ல வேண்டும்.
எதிரில் நிற்பவர்
"கடவுள் மன்னிப்பார், நானும்" என்று சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான் சடங்கு.

ஒன்பது வருடமாக,
மக்காரி என்னிடம் வந்து சேர நாலு பேர் இருக்கும்போது
சமோவாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று
வெளியே போய்விடுவேன்.
சமோவார் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை.
எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

விஷயம் இதுதான்:
என் தம்பி மத்வேய்க்கு
மக்காரி ஒரு உயிர்காப்பு உடை விற்றான்.
ஆரஞ்சு நிறம். எண்பது டாலர்.
ஜிப் நெஞ்சுக்கு மேல் ஏறாது.
தெரிந்துதான் விற்றான்.
ஹாலிபட் பருவத்தின் மூன்றாம் நாள் படகு கவிழ்ந்தது.
ஹெலிகாப்டர் தூக்கிய இருவர் சொன்னார்கள்,
கடைசிவரை அவன் கழுத்தருகே
எதையோ இழுத்துக்கொண்டே இருந்தானாம்.

அடக்கம் முடிந்த வாரம் கதவுக்கடியில் ஒரு உறை.
நாலு தாள்கள், இருபது இருபதாக.
ஒரு வார்த்தை எழுதவில்லை.
எரிக்கக் கை வரவில்லை, திருப்பித் தரக் கால் வரவில்லை.
மாவு டப்பாவின் அடியில் போட்டேன்.
ரொட்டிக்கு அள்ளும்போதெல்லாம் விரலில் முட்டும்.

ஜெபத்தில் அந்தக் கடன் வரி வரும்போது
உதட்டை மட்டும் அசைப்பேன்.
வாங்குகிற பாதிக்கு ஆசை,
கொடுக்கிற பாதிக்கு மனமில்லை.
அவர் அதை
என்ன கணக்கில் வைத்திருக்கிறாரோ.

இன்று சமோவாருக்கு உலீத்தா முந்திக்கொண்டாள்.
பதினோரு வயது, பொறுப்பு வந்துவிட்டதாம்.
எனக்குப் போக இடமில்லை.

மக்காரி கிழவனாகியிருந்தான்,
பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது.
குனிந்தவன் நிமிர முடியாமல்
பிடிக்க எதையோ காற்றில் தேடினான்.
என் கை போனது. நான் அனுப்பவில்லை.
முழங்கையைப் பிடித்துத் தூக்கினேன்.
புகையிலை, டீசல், ஈரக் கம்பளி வாசனை.
"அக்ரஃபேனா, அந்த ஜிப்..." என்றான்.
சடங்கில் இல்லாத சொல். அதற்குமேல் வரவில்லை.

என் மனசைத் திரும்பிப் பார்த்தேன்.
கல்லாகத்தான் கிடந்தது.
உருகும் என்று சொன்னவர்கள் யாரோ.
இருந்தாலும் சொன்னேன், குரலோடு.
கடவுள் மன்னிப்பார்.
பிறகு "நானும்".
அந்த ஒற்றைச் சொல்லை
மீன் நிறைந்த வலைபோல் இழுக்க வேண்டியிருந்தது.

அப்புறம் நான் குனிய வேண்டும்.
ஒன்பது வருடத்தில் எனக்கும் ஒரு முறை உண்டென்பதே
மறந்திருந்தது.
அவன் மனைவி இறந்த குளிர்காலத்தில்
அவன் வீட்டுப் புகைபோக்கியில் மூன்று நாள் புகையில்லை.
என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.
தரை ஈரமாக இருந்தது,
எல்லோருடைய பூட்ஸிலிருந்தும் உருகிய பனி.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை.
கட்டிலடியில் நாய்போல் சுருண்டிருக்கிறது.
விடிந்ததும் எழுந்து குரைக்கும்,
நானும் மறுபடி சொல்ல வேண்டும்.
ஏழெழுபது என்பது எண்பதைவிடப் பெரிய தொகை.
ஒரே தவணையில் கட்டச் சொல்லவில்லை யாரும்.

மாவு டப்பாவைக் கவிழ்த்துத் தாள்களைத் தட்டினேன்.
அடுப்பு எண்ணெய் தீர்ந்துவிட்டது.
காலையில் கடை திறந்ததும் போக வேண்டும்.