அரை நகம்

கைப்பிடியைச் சுற்றினால்
இயந்திரம் முனகிக்கொண்டே விழுங்கும்.
அக்ரிலிக் தட்டு, அட்டை, எஃகு அச்சு, மறுபடி தட்டு.
பாதியில் 'டக்' என்று ஒரு சத்தம்.
முதல் மாதம் அதற்குப் பயந்தேன்.
இப்போது அது வராவிட்டால்தான் பயம்.

இதுவரை வெட்டியதெல்லாம் தட்டில் வடுவாக இருக்கிறது:
மான் கொம்பு, கிறிஸ்துமஸ் மணி,
ஜோலீனின் பிரசவத்துக்கு வெட்டிய
பதினெட்டுக் குட்டிக் காலுறை,
எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கிடக்க.

டுலூத்தில் ஜனவரி.
ஏரி கரையோரம் உறைந்து
கப்பல்களின் ஊதல்கூட இல்லாத மாதம்.
தம்பி வெர்லினுக்கு நாற்பது ஆகிறது.
என்ன செய்துவிட்டு உள்ளே போனான் என்பதை
இந்த மேசையில் பேசுவதில்லை.
இன்னும் ஆறு வருடம்.
அவன் இருக்குமிடத்திலிருந்து ஏரி தெரியாது.
சரி, கலங்கரை விளக்கத்தையே அனுப்பலாம் என்று
உட்கார்ந்தேன்.

நீல மை ஒற்றி மூன்று அலை.
நாக்கை இழுத்தால் படகு நகரும்.
வட்டத்தைத் திருப்பினால்
விளக்கில் மஞ்சள் வரும், போகும்.
திறந்தால் கோபுரம் எழுந்து நிற்கும்.

எழுந்தது.
மூடினேன்.
நுனி அரை நகம் வெளியே நீட்டிக்கொண்டது.

மடித்தால் மறைய வேண்டும்,
விரித்தால் நிமிர வேண்டும்.
இரண்டுக்கும் நடுவே இருக்கும் கணக்கை
எனக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லவில்லை.
மூன்று கோபுரம் குப்பைக்குப் போக
நான்காவது அடங்கியது.

பதினோராம் நாள் திரும்பி வந்தது.
பசை. அடுக்கு. உலோக ஆணி.
படிவத்தில் மூன்று டிக்.
உறையின்மேல் சிவப்பு முத்திரை:
ஏற்கப்படவில்லை.
இடப்பக்கம் மை கொட்டி, வலப்பக்கம் வெளுத்து.
முத்திரையை ஆட்டக்கூடாது ஐயா,
நேரே வைத்து நேரே எடுக்க வேண்டும்.
அவ்வளவுதான்
அன்று என் கோபத்துக்கு வாய்த்த சொல்.

விதிகளைப் படித்தேன்.
வெள்ளைத் தாள். கறுப்புப் பேனா. வேறெதுவும் கூடாது.
வெட்டாமல், ஒட்டாமல்
கோடுகளை மட்டும் வரைந்தேன்:
இது மலை மடிப்பு, இது பள்ள மடிப்பு,
இது கிழிக்க வேண்டியது, இங்கே நிறுத்து.

அவனிடம் கத்தரி கிடையாது.
என்னுடைய ஆறையும் இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு
நகத்தால் கீறி, முன்னும் பின்னும் மடித்து,
நாக்கு நுனியால் ஈரப்படுத்திக்
கிழித்துப் பார்த்தேன்.
நார் ஓடும் திசையில் தாள் சொன்னபடி கேட்கிறது,
குறுக்கே போனால் அதன் இஷ்டம்.
ஆகவே கோபுரத்தைத் திருப்பி வரைந்தேன்.
படகை விட்டுவிட்டேன்.
விளக்கு சுழலாது.
அலைகள் மூன்றையும் கையால் போட்டேன்,
ரப்பர் அளவுக்கு வரவில்லை.

மார்ச்சில், தெருப்பனி அழுக்காகத் தொடங்கிய வாரம்,
அவன் கடிதம்.

"நிற்கிறது. கொஞ்சம் வடக்கே சாய்வு.
மேல்படுக்கை ஒரோஸ்கோ தன் மகளுக்கு
ஒட்டகச்சிவிங்கி கேட்கிறான், கழுத்து நீளமாக.
மூன்றாம் அறைக்காரருக்கு டிராக்டர்.
யாருக்கு என்று சொல்லவில்லை.
காலையிலிருந்து எல்லோரும் அவரவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.
ஒரு சந்தேகம், அக்கா.
புத்தகத்துக்குள் மூடி வைத்தால்
நுனி கொஞ்சம் வெளியே நீட்டுகிறது.
எங்கே தப்பு?"

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை
இரண்டு இடத்தில் மடித்துச் சமாளித்துவிட்டேன்.
டிராக்டருக்குச் சக்கரம்தான் சிக்கல்,
வட்டமாகக் கிழிக்க நகத்துக்குத் தெரியாது.

அவன் கேள்விக்கு
'அரை நகம் குறை' என்று எழுதினேன்.
பிறகு அதை அடித்தேன்.

என்ன புத்தகமோ தெரியாது.
நீட்டட்டும்.
திறக்காத நாளிலும்
கண்ணில் படும்.