பாதுகாப்புக் கேள்விகள்

சலவைக்கடையில் மூன்றாம் எண் இயந்திரம்
என் சீருடைகளைப் புரட்டிக்கொண்டிருக்க,
மடியில் போனை வைத்து
விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினேன்.

டொலீடோவில் பனி இன்னும் விடவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
உப்பு லாரி தெருவுக்கு உப்பிட்டுக்கொண்டே போனது.
உப்பிட்டதைத் தெரு நினைக்குமோ என்னவோ.

பெயர்: வெரோனிகா கச்மாரெக்.
வேலை: பள்ளிப் பேருந்து ஓட்டுநர், பதினோரு வருஷம்.
குடியிருப்பு: சொந்தம், வாடகை, மற்றவை.
பழக்கத்தில் சொந்தத்துக்குப் போன விரல்
சுட்டுக்கொண்டதுபோல் திரும்பியது.
வாடகை.

இதற்கு முன் மூன்று வங்கிகள், மூன்று கடிதங்கள்.
மூன்றிலும் ஒரே மரியாதை, ஒரே காரணம்:
வீட்டுக் கடன், கட்டத் தவறியது.
ஆகி ஆறு வருஷம்.
அவர்களுக்கு அது நேற்று.
லென்னுக்கு மட்டும் அது போதுமானதாக இருந்தது,
இண்டியானாவில் இன்னொருத்தியோடு
இரட்டைக் குழந்தை பெற.

இந்த வங்கி வேறு தினுசு.
முந்நூறு டாலர் நீ முதலில் கொடு,
முந்நூறு டாலர் வரை நாங்கள் கடன் தருகிறோம் என்கிறது.
என் பணம்தான். எனக்கே கடனாக.
வாய்விட்டுச் சிரித்தேன்;
பக்கத்தில் சாக்ஸுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தவர்
நிமிர்ந்து பார்த்தார்.
சிரித்து முடித்து, சம்மதம் என்று அழுத்தினேன்.

அப்புறம்தான் அது வந்தது.
நீங்கள் நீங்கள்தானா என உறுதிசெய்யச்
சில கேள்விகள். அவகாசம் இரண்டு நிமிடம்.

கீழ்க்கண்டவற்றில் எந்தத் தெருவில் வசித்திருக்கிறீர்கள்?
டக்ஸ்பரி வளைவு.
பார்மலி தெரு.
ஹாலோ க்ரீக் சாலை.
இவற்றில் எதுவுமில்லை.

பார்மலி தெரு, எழுநூற்றுப் பதினான்கு.
சமையலறைக் கதவுச் சட்டத்தில்
டோபியாஸின் உயரம் பென்சில் கோடுகளாக,
ஒன்பது வயது வரை.
ஏலத்துக்கு முந்தின இரவு
அந்தச் சட்டத்தை அறுத்தெடுக்க
ரம்பத்தோடு வந்து நின்றான் லென்.
வேண்டாம் என்றேன்.
சேதப்படுத்தினால் கேஸ் போடுவார்களாம்,
யாரோ சொல்லியிருந்தார்கள்.
எதற்கெல்லாம் பயந்திருக்கிறோம்.

எதுவுமில்லை என்று தொட்டால்
நான் நானில்லை என்றாகிவிடும்.

அடுத்தது:
உங்கள் வீட்டுக் கடனின் மாதத் தவணை
எந்தத் தொகைக்குள் இருந்தது?

கேட்கிறார்கள். என்னிடம்.
எண்ணூற்று நாற்பத்தாறு டாலர், பன்னிரண்டு சென்ட்.
கண்ணாடித் தொழிற்சாலை லென்னின் ஷிஃப்டை நிறுத்திய மாதம்
எழுநூறு அனுப்பினேன்.
திருப்பி அனுப்பிவிட்டார்கள்,
முழுசாக இல்லாவிட்டால் வேண்டாமாம்.
அந்தக் காசோலை ஃப்ரிட்ஜ் மேல்
உறையோடு வெகுநாள் கிடந்தது,
யாருக்கும் வேண்டாத பணமாக.

நாற்பது நொடி மிச்சம்.
என் பெயரை யாரும் திருடிக்கொள்ளலாம்,
பிறந்த தேதியையும்.
பன்னிரண்டு சென்ட்டை எவர் திருடுவார்?
எண்ணூறு முதல் எண்ணூற்றைம்பது வரை.
தொட்டேன்.

திரையில் ஒரு சக்கரம் சுழன்றது.
இயந்திரத்தில் இன்னொன்று.
துணிதான் முதலில் நின்றது.

பதினோராம் நாள் கார்டு வந்தது,
என் பெயர் மேடிட்ட எழுத்தில்.
எவ்வளவு வரை போகலாம் என்றான் டோபியாஸ்,
கதவை அடைத்துக்கொண்டு நின்றபடி.
முந்நூறு.
'அம்மா, என் ஷூ அதைவிட விலை.'

காருக்குக் கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர்
ஒரு கேன் வாங்கினேன்.
கல்லாவில் இருந்த பெண்
என் முகத்தையும் பார்க்கவில்லை,
கார்டையும் பார்க்கவில்லை.
அது நன்றாகத்தான் இருந்தது.

பில் வரும்வரை பொறுக்கவில்லை எனக்கு.
அன்றிரவே, பாதித் தூக்கத்தில் எழுந்து,
நாலு டாலர் பத்தொன்பது சென்ட்.
முழுசாக.

ஏற்றுக்கொண்டோம் என்று
உடனே பதில் வந்தது.